ஸ்மித் என்றால் எந்த ஸ்மித்? பறவைகளின் அறிவியல் பெயரில் உள்ளவர்களைக் கண்டறிவது குறித்து

கேள்வி கேட்டவர்: தகைவிலான்

அனைவருக்கும் வணக்கம். கம்பிவால் தகைவிலானின் அறிவியல் பெயர் ஹிருண்டோ ஸ்மித்தீ. இந்த ஸ்மித் யார் என்று தேடத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. இரண்டு வலைப்பக்கங்கள், தென்னாப்பிரிக்கப் பறவைகளை ஆராய்ந்த இராணுவ மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித்தின் நினைவாக இடப்பட்ட பெயர் இது என்கின்றன. இன்னொரு குறிப்பு, "ஸ்மித் என்பவரின் நினைவாக" என்பதோடு நின்றுவிடுகிறது. இதைச் சொல்ல ஒரு குறிப்பு தேவையே இல்லை. ஆண்ட்ரூ ஸ்மித் பொருத்தமானவராகவே தோன்றுகிறார், ஆனால் பொருத்தமாகத் தோன்றுவதைச் சான்றாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதையொட்டி வேறு இரு ஐயங்களும் எழுந்தன. ஒரே குடும்பப் பெயர் சில பறவைகளில் ஓர் இகரத்தோடும் சிலவற்றில் இரண்டு இகரத்தோடும் முடிவது ஏன்? மேலும், ஒரு சிற்றினப் பெயரை (அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லை) பார்த்த அளவில் அது மனிதரைக் குறிக்கிறதா, ஊரைக் குறிக்கிறதா, வெறும் பண்புச் சொல்லா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? இலத்தீனில் இரட்டித்து வரும் இறுதியை நெடிலாகவும் ஒற்றையாக வருவதைக் குறிலாகவும் இங்கே எழுதியிருக்கிறேன். பதிலளிப்பவர்களும் அவ்வாறே எழுதினால் குழப்பம் நேராது.

பதில் 1: அடிக்குறிப்பு

தகைவிலான் அவர்களுக்கு வணக்கம். தங்கள் ஐயம் சரியானது. அது ஆண்ட்ரூ ஸ்மித் அல்லர்.

அறிவியல் பெயருக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அதைக் கண்ணால் கூடத் தொடாமல் கடந்துவிடுகிறார்கள், ஆனால் தேடலுக்கு உரிய இழையின் நுனி அங்கேதான் இருக்கிறது. இந்தப் பறவைக்கு அங்கே லீச், 1818 என்று இருக்கும். ஆண்ட்ரூ ஸ்மித் 1797இல் பிறந்தவர். நன்னம்பிக்கை முனைக்கு அவர் போய்ச் சேர்ந்தது 1820இல். ஆப்பிரிக்க மண்ணையே மிதிக்காத இருபத்தொரு வயது இளைஞரின் பெயரை ஓர் ஆப்பிரிக்கப் பறவைக்குச் சூட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லீச்சுக்கு என்ன காரணம் இருந்திருக்க முடியும்? ஆண்டை மட்டும் வைத்தே அவரை விலக்கிவிடலாம்.

சரியான ஸ்மித்தைக் கண்டுபிடிக்க, லீச் அந்தப் பெயரை எங்கே வெளியிட்டார் என்று பார்க்க வேண்டும். அது ஒரு பயண நூலின் பிற்சேர்க்கை. 1816இல் காங்கோ ஆற்றின் போக்கை அறிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டக்கியின் தலைமையில் ஒரு பயணம் புறப்பட்டது. அதில் தாவரவியலராகச் சென்றவர் நார்வே நாட்டுப் பேராசிரியர் கிறிஸ்டன் ஸ்மித். டக்கி, ஸ்மித் உள்ளிட்ட பலர் அந்தப் பயணத்திலேயே நோயுற்று இறந்தனர். கப்பலில் திரும்பி வந்த மாதிரிகளை லீச் ஆராய்ந்து எழுதினார். கம்பிவால் தகைவிலானின் பெயரில் இருப்பவர் இந்த கிறிஸ்டன் ஸ்மித்தான். நூலும் ஆண்டும் இடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் இங்கே ஊகத்துக்கு வேலை இல்லை.

ஆண்ட்ரூ ஸ்மித்துக்கும் பறவைகள் இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒரு தட்டைவாயன் வாத்துக்கு ஸ்மித்தீ என்று பெயர். அதற்கு அப்பெயரை இட்டவர் ஹார்ட்டர்ட், ஆண்டு 1891. தாங்கள் பார்த்த பக்கங்களை எழுதியவர்கள் வாத்துக்கு உரியவரைத் தகைவிலானுக்கும் மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன். ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், பறவை முதலில் வேறொரு பேரினத்தில் (அறிவியல் பெயரின் முதற்சொல் குறிக்கும் குழுவில்) வைக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது என்று பொருள். பழைய நூலில் இன்றைய பேரினப் பெயரைத் தேடிக் களைத்துப் போகாமல் இருக்க இது உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கையியல் நூல்களும் இதழ்களும் பல்லுயிர் மரபு நூலகத்தின் இணையத் தொகுப்பில் பெருமளவு கிடைக்கின்றன. முதல் விவரணையை நேரில் படிக்காமல் எந்த அகராதியையும் முடிந்த முடிபாகக் கொள்ளாதீர்கள்.

பதில் 2: ஆறாம் வேற்றுமை

இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், புனைபெயருக்கேனும் நியாயம் செய்ய வேண்டும் அல்லவா?

மனிதர் பெயரிலிருந்து வரும் சிற்றினப் பெயர்களில் பெரும்பாலானவை இலத்தீனின் ஆறாம் வேற்றுமையில் நிற்பவை. அதாவது "இன்னாருடைய" என்னும் பொருள் தருபவை. ஆணின் பெயரோடு இகரத்தை நேரடியாகச் சேர்த்தால் ஸ்மித்தி. அந்தப் பெயரை முதலில் ஸ்மித்தியுஸ் என்று இலத்தீனாக்கிக்கொண்டு, பிறகு வேற்றுமைப்படுத்தினால் ஸ்மித்தீ. இரண்டும் இலக்கணப்படி சரியே. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெயரிட்டவரின் விருப்பம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்ததைப் பின்வந்தவர் திருத்த முடியாது. பாண்டிச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலர் லெஷெனோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1817இல் வியெய்யோ பெயரிட்ட செந்தலைப் பஞ்சுருட்டான் லெஷெனோல்டி; 1830இல் லெஸ்ஸோன் பெயரிட்ட சர்க்கீர் மால்கோகா லெஷெனோல்டீ. ஆள் ஒருவரே, எழுத்துகள்தாம் வேறு. ஆகவே ஓர் இகரமா இரண்டா என்பதை வைத்து ஆள் வேறு என்று முடிவு செய்ய வழியில்லை. விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பும், ஒரே பேரினத்துக்குள் மனிதர் பெயரடியாக வந்து இந்த ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்களை ஒரே பெயராகவே கருதுகிறது.

ஏகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்று கொள்ளலாம். 1861இல் பெயரிடப்பட்ட ஒரு வட அமெரிக்கக் கதிர்க்குருவியின் லூசியே, பறவையியலர் பெயர்டின் மகள் லூசியைக் குறிக்கிறது. பெயர்ட் 1860இல் பெயரிட்ட விர்ஜினியே பலரையும் ஏமாற்றுகிறது. விர்ஜினியா மாநிலத்தின் பறவை என்று நினைத்துவிடுவோம், ஆனால் அது நியூ மெக்சிகோவில் அந்தப் பறவையைச் சேகரித்த இராணுவ மருத்துவர் ஆண்டர்சனின் மனைவியின் பெயர். மாநிலத்தைக் குறிப்பதாயின் விர்ஜினியானுஸ் என்று பெயரடையாக வந்திருக்கும், அமெரிக்கப் பெரிய கொம்பு ஆந்தையின் பெயரில் வருவதைப் போல. கௌதாரியின் பொண்டிசெரியானுஸ் என்பதும் இவ்வகைதான். அது பாண்டிச்சேரியைச் சுட்டுகிறது, ஆளை அன்று.

பலர்பாலுக்கு "ஓரும்" என்ற இறுதி. 2006இல் அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட லியோசிக்ளா புகுனோரும், அங்கு வாழும் புகுன் மக்களின் பெயரைத் தாங்குகிறது.

இவை தவிர, வேற்றுமை உருபே இல்லாமல் இருபெயரொட்டாக நிற்கும் பெயர்களும் உண்டு. கலிப்டே அன்னா என்னும் ஓசனிச்சிட்டின் பெயரில் ரிவோலிப் பிரபுவின் மனைவி அன்னா மசேனா தம் சொந்தப் பெயரிலேயே நிற்கிறார்.

பதில் 3: புதர்வாசி

ஆறாம் வேற்றுமை அவர்களின் விளக்கம் நன்று. ஆனால் இறுதி எழுத்தை மட்டும் நம்பினால் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏகாரம் பெண்பால் என்றீர்கள். கலிப்டே அன்னாவுக்கு அதே பேரினத்தில் ஓர் உறவு இருக்கிறது: கலிப்டே கோஸ்டே. இந்தக் கோஸ்டா பெண் அல்லர். ஓசனிச்சிட்டுகளைத் தொகுத்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரக் கோமகன். குடும்பப் பெயரே ஆகாரத்தில் முடிவதால், இலத்தீனில் அது பெண்பாற் சொற்களைப் போல வேற்றுமைப்பட்டு ஏகாரம் பெற்றுவிட்டது. ஒரே பேரினத்தில் பெண்ணுக்கு உருபு இல்லை, ஆணுக்குப் பெண்பால் உருபு!

"ஓரும்" வருமிடமெல்லாம் மக்கள் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். பிளித் நாணல் கதிர்க்குருவியின் சிற்றினப் பெயர் டுமெட்டோரும். டுமெட்டோ என்று ஒரு குடும்பம் இருந்ததோ என்று தேடினால் கிடைக்காது, ஏனெனில் அதன் பொருள் "புதர்களுடைய" என்பதே. இதில் இன்னொரு படிப்பினையும் இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் இருக்கும் பிளித் அறிவியல் பெயரில் இல்லை. 1849இல் அந்தப் பெயரை இட்டவரே அவர்தான், தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வது வழக்கமும் அன்று. ஜெர்டான் பெயரால் ஆங்கிலத்தில் அழைக்கப்படும், 1986இல் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டறியப்பட்ட அரிய பறவைக்கும் அறிவியல் பெயர் பைட்டார்க்குவாட்டுஸ், "இரண்டு கழுத்துப்பட்டை உடையது" என்று பொருள். ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்ற எண்ணத்தோடு எப்போதும் தேடத் தொடங்காதீர்கள்.

இந்த எண்ணத்தோடு தொடங்கித்தான் நான் வெட்கப்படும்படி ஒரு தவறு செய்தேன். திபெத்தியப் பீடபூமியில் தரையில் வாழும் ஒரு சிட்டு உண்டு. சூடோபொடோசெஸ் ஹ்யூமிலிஸ் என்பது அதன் பெயர். பின்னால் அடைப்புக்குறிக்குள் ஹ்யூம், 1871 என்றிருக்கிறது. ஹ்யூமின் பெயரோடு சேர்த்து அதை ஆங்கிலத்தில் அழைப்பதும் உண்டு. ஆகவே ஹ்யூமிலிஸ் என்பது ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமைக் குறிக்கிறது என்று என் பட்டியலில் எழுதி, அதை நான்கு பேருக்கும் அனுப்பிவிட்டேன். இலத்தீனில் அச்சொல்லுக்குத் "தரையோடு தாழ்ந்த, எளிய" என்பதுதான் பொருள். தரையிலேயே உழலும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பது பின்னர்தான் உறைத்தது. உண்மையில் ஹ்யூம் குடும்பம் இருப்பது ஹ்யூமியே என்னும் ஃபெசண்ட் கோழியில். 1881இல் ஹ்யூம் தம் மனைவியின் நினைவாக இட்ட பெயர் அது. ஹ்யூமுக்கே உரியது பிறர் இட்ட ஹ்யூமெய், ஓர் இலைக்கதிர்க்குருவி.

ஆள் பெயர் போலத் தோன்றும் வேறு வகையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியின் பேரினம் டசெலோ. யாரோ ஓர் இத்தாலியர் என்றே தோன்றும், ஆனால் அது அல்செடோ என்ற மற்றொரு மீன்கொத்திப் பேரினத்தின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்ட விளையாட்டு. விளையாடியவர் தங்கள் தகைவிலானுக்குப் பெயரிட்ட அதே லீச்தான்.

கேள்வி கேட்டவர்: தகைவிலான்

மூவருக்கும் நன்றி. கிறிஸ்டன் ஸ்மித்தின் முடிவை அறிந்த பிறகு அந்தப் பெயரை முன்போல எளிதாக உச்சரிக்க முடியவில்லை.

கற்றுக்கொண்டதை இலங்கைக்கே உரிய லேயார்ட் கிளியிடம் சோதித்துப் பார்த்தேன். ஆங்கிலப் பெயரில் லேயார்ட் இருக்கிறார், அறிவியல் பெயரில் அவரைக் காணோம். அங்கே பெண்பால் இறுதியோடு வேறொரு குடும்பப் பெயர் நிற்கிறது. பெயரிட்டவர் பிளித், ஆண்டு 1849. தேடியதில், எட்கர் லேயார்டின் முதல் மனைவி பார்பரா அன்னின் பிறந்தகப் பெயர் கால்த்ராப் என்று கிடைத்தது. கணவர் ஆங்கிலப் பெயரையும் மனைவி இலத்தீன் பெயரையும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்! ஆனால் ஒரு நூலில் அப்பெயரின் நடுவில் ஓகரத்துக்கு உரிய எழுத்தும், புதிய பட்டியல்களில் ஆகாரத்துக்கு உரிய எழுத்தும் இருக்கின்றன. அம்மையாரின் குடும்பப் பெயரோ ஓகர எழுத்தைக் கொண்டது. அப்படியானால் புதிய பட்டியல்கள் அல்லவா பிழையானவை?

பதில் 4: ஆறாம் வேற்றுமை

முதலில் கோஸ்டே பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். "பெரும்பாலும் பெண்பால்" என்று எழுதியிருக்க வேண்டும்.

கிளியின் பெயரில் புதிய பட்டியல்களே சரி. பிளித் முதலில் அச்சிட்டபோதே ஆகார எழுத்தோடுதான் அச்சிட்டார். மனிதரின் பெயர் உண்மையில் எப்படி எழுதப்பட்டது என்பது விதித்தொகுப்புக்கு முதன்மையான செய்தி அன்று. முதல் வெளியீட்டில் எப்படி அச்சாயிற்று என்பதே அதற்கு முதன்மையானது. அது கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்பதற்கு அதே வெளியீட்டுக்குள் தெளிவான சான்று இருந்தாலொழிய, வெளியிலிருந்து கொண்டுவரும் எந்த ஆவணமும், திருமணப் பதிவேடாகவே இருந்தாலும், எழுத்தை மாற்றாது. பின்வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம் நீண்ட காலம் புழங்கி, இப்போது பழைய எழுத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். ஒரு பெயரைத் தேடும்போது குடும்பப் பெயரின் எழுத்து வேறுபாடுகள் அனைத்தையும் இட்டுத் தேட வேண்டும் என்பதற்கு இந்தக் கிளி நல்ல எடுத்துக்காட்டு.

இலங்கைக் காட்டுப்புறாவையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். அதன் டொரிங்டோனியே, 1847 முதல் 1850 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த டொரிங்டன் பிரபுவை அன்று, அவருடைய மனைவியைக் குறிக்கிறது. இங்கே ஏகாரம் என்னைக் கைவிடவில்லை.

பதில் 5: சுவடி

இதுவரை பேசப்பட்டவர்கள் எல்லாரும் குடும்பப் பெயர் உடையவர்கள், ஆவணங்களில் இடம் பெற்றவர்கள். மருத்துவர், ஆளுநர், பிரபு, அவர்களுடைய மனைவியர் ஆகியோரைத் தேடினால் எங்கேனும் ஒரு பதிவேட்டில் கிடைத்துவிடுவார்கள். அவ்வாறு கிடைக்காத இருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

ஆப்பிரிக்கக் குயில் ஒன்றுக்குக் கிரைசோகாக்சிக்ஸ் கிளாஸ் என்றும், அங்குள்ள தீக்காக்கை வகை ஒன்றுக்கு அபலோடெர்மா நரீனா என்றும் பெயர். இரண்டுக்கும் ஆசிரியர் ஸ்டீஃபென்ஸ், ஆண்டு 1815. அடிக்குறிப்பு அவர்கள் சொன்ன வழியில் ஸ்டீஃபென்ஸின் நூலுக்குப் போனால் வழி அங்கே அடைபட்டுவிடும், ஏனெனில் ஸ்டீஃபென்ஸ் அந்த இருவரையும் அறிந்தவர் அல்லர். அவர் செய்தது, பிரெஞ்சுப் பயணி லெவையான் பிரெஞ்சு மொழியில் இட்டிருந்த பெயர்களை அறிவியல் பெயர்களாக மாற்றியது மட்டுமே. லெவையான் இலத்தீன் பெயர் இடுவதில்லை, ஆகவே பெயரிட்ட பெருமை பிறருக்குப் போயிற்று. கிளாஸ் யார் என்பதை அறிய லெவையானின் எழுத்துக்குத்தான் போக வேண்டும். அவர் கொய்கொய் இனத்தைச் சேர்ந்தவர். தென்னாப்பிரிக்கப் பயணத்தில் லெவையானுக்குத் துணையாக இருந்த பணியாள். நரீனா ஒரு கொய்கொய் பெண். அவருடைய உண்மைப் பெயரை உச்சரிப்பது கடினமாக இருந்ததால், பூ என்று பொருள்படும் அச்சொல்லால் தாம் அழைத்ததாக லெவையான் எழுதுகிறார். ஆக, அந்தப் பறவை நினைவுகூர்வது ஒரு பெண்ணை, ஆனால் அவருடைய பெயரால் அன்று. தேடல் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

பேரினப் பெயரிலும் ஆள் இருக்கலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் அழிந்துபோன சிறு பறவையை ரோத்ஸ்சைல்ட் 1894இல் டிராவர்சியா லையலி என்று விவரித்தார். பேரினத்தில் இருப்பவர் மாதிரிகளை விற்ற ஹென்றி டிராவர்ஸ். சிற்றினத்தில் இருப்பவர் அத்தீவின் கலங்கரை விளக்கத்தில் உதவியாளராக இருந்த டேவிட் லையல். நியூசிலாந்துத் தாவரப் பெயர்களிலும் லையலீ என்று ஒருவர் வருவார். அவரும் டேவிட் லையல்தான், ஆனால் 1817இல் பிறந்த கடற்படை மருத்துவர். முதற்பெயர், குடும்பப் பெயர், நாடு மூன்றும் ஒத்துப்போவதால் இவர்களை ஒருவராக்கிவிடுவது மிக எளிது.

கேள்வி கேட்டவர்: தகைவிலான்

சுவடி அவர்களின் பதிலை இருமுறை படித்தேன். ஒரு துணைக் கேள்வி. அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023 நவம்பரில், தன் பொறுப்பில் உள்ள பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் மனிதர் பெயர்களை நீக்கப் போவதாக அறிவித்தது. அறிவியல் பெயர்களும் இவ்வாறு மாறினால் நம் தேடலுக்குப் பொருளே இல்லாமல் போய்விடுமே?

பதில் 6: அடிக்குறிப்பு

அந்த அறிவிப்பு ஆங்கிலப் பெயர்களுக்கு மட்டும் உரியது. 2020இல் மக்கவுன் என்னும் தளபதியின் பெயரை ஒரு பறவையின் ஆங்கிலப் பெயரிலிருந்து நீக்கி, "தடித்த அலகு" என்னும் பொருளில் மாற்றினார்கள். அறிவியல் பெயரில் மக்கவுனீ அப்படியே இருக்கிறது. இனி அவர் யார் என்று அறிய விரும்புபவருக்கு அந்த இலத்தீன் சொல் ஒன்றுதான் தடயம், ஆகவே தேடல் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

தங்கள் பட்டியலில் அடுத்து யார்?

கேள்வி கேட்டவர்: தகைவிலான்

பல்வர்கள். பெட்ரல் கடற்பறவை பல்வேரியா பல்வெரீ, போர்னியோ ஃபெசண்ட் கோழி லோஃபுரா பல்வெரி. தாங்கள் சொன்னபடி ஆண்டையும் இடத்தையும் எதிரெதிரே எழுதினேன். முதலாவது 1828, மடெய்ரா. அங்கே பறவைகளைச் சேகரித்த மதகுரு ஜேம்ஸ் பல்வர். இரண்டாவது 1874, போர்னியோ; அதன் கரைக்கு அருகிலுள்ள லபுவான் தீவின் ஆளுநராக இருந்த ஹென்றி பல்வர். இருவர் என்று முடிவு செய்துவிட்டேன். இகர வேறுபாட்டை வைத்து அன்று என்பதை ஆறாம் வேற்றுமை அவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்து எல்லியோட்டி. ஒரு சீன ஃபெசண்ட் கோழியிலும் தென்னிந்திய மர மூஞ்சூறிலும் அதே பெயர் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வால்டர் எலியட் இரண்டுக்கும் உரியவரா?

பதில் 7: அடிக்குறிப்பு

மர மூஞ்சூறுக்கு மட்டும். ஃபெசண்ட் கோழிக்கு ஸ்வின்ஹோ 1872இல் பெயரிட்டார். ஃபெசண்ட் குடும்பத்தைப் பற்றிய தம் பெரிய படநூலை அமெரிக்கரான டேனியல் ஜிரோ எலியட் வெளியிட்டு முடித்ததும் அதே ஆண்டில்தான். மர மூஞ்சூறு வாட்டர்ஹவுஸ் 1850இல் பெயரிட்டது. அப்போது டேனியலுக்கு வயது பதினைந்து.